மூணு வரிப் புள்ளி

பேராசிரியர் இன்னும் முடிக்கவில்லை. முடிக்கிற மாதிரி இரண்டு தடவை போக்குக் காட்டினார். "ஆகவே" என்று குரலை இறக்கினார், கமலவேணியும் அப்பாடா என்று கைதட்டத் தயாரானாள், மனுஷன் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் புள்ளிக்கே போய்விட்டார். வரிக்குப் பதினேழு புள்ளி, கதையின் பெயர் 'பதினேழாவது சுரங்கம்', இது தற்செயலா நண்பர்களே? தற்செயல்தான் சாமி, வேறென்ன, அந்தப் பத்தியின் அகலத்துக்குப் பதினேழுதான் பிடித்தது, பதினெட்டாவது ஓரத்தில் இடித்தது, என்று மேடை நாற்காலியில் உட்கார்ந்தபடி மனசுக்குள் பதில் சொன்னாள் கமலவேணி. மூன்று வரி, மொத்தம் ஐம்பத்தோரு புள்ளி, ஐம்பத்தொன்று என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும், என்கிறார். எனக்குத் தெரியாது. எழுபத்தஞ்சு வயசு என்றால் என்னவென்று வேண்டுமானால் தெரியும். ஏசி நேராக முழங்காலில் வந்து அடிக்கிறது. வலது முழங்கால் பத்தரைக்கே முனக ஆரம்பித்தது, இப்போது மணி பன்னிரண்டு, இடதும் சேர்ந்துகொண்டது. மைக் பக்கத்தில் இருப்பதால் காது மெஷின் கீச்சுக் கீச்சென்று கத்துகிறது. கழற்றி வைத்தால் பேராசிரியர் வாயை மட்டும் அசைப்பார், அதுவே தேவலை, ஆனால் பேர் சொல்லிக் கூப்பிடும்போது கேட்காமல் போய் மானம் கப்பலேறும். போன வருஷம் அப்படித்தான் ஆனது. எதிரே நூற்றைம்பது பேர் இருப்பார்கள். முக்கால்வாசிப் பேர் கறுப்பு பனியன், நெஞ்சில் மூன்று வரிப் புள்ளி. வெறும் புள்ளி, வேறொன்றுமில்லை. அவள் போட்ட புள்ளி. முன்வரிசையில், வலது ஓரத்தில், பச்சைச் சுங்குடி கட்டிய சாந்தாமணி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கமலவேணி பொன்னாடையை இழுத்து மடியில் விட்டுக்கொண்டாள். அடியில் டீக்கறை இருக்கிறது.

அந்தக் கறை விழுந்து இரண்டு மணி நேரம் ஆகிறது. கூட்டம் தொடங்குமுன் ஹாலுக்கு வெளியே டீ கொடுத்தார்கள், பேப்பர் கப்பில், தொண்டை வரைக்கும் இனிக்கிற டீ. அமைப்பாளன் யுகேந்திரன் அந்தச் சாந்தாமணியைக் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிவந்து, "கமலாம்மா, யாருன்னு பாருங்க, அகாதனோட பொண்ணு! ஆறு வருஷமாக் கூப்பிட்டு இப்பத்தான் வந்திருக்காங்க" என்றான். சொல்லும்போதே அவன் கண் கலங்கியிருந்தது. அகாதன் என்பது புனைபெயர், நிஜப்பெயர் தெய்வசிகாமணி. நீலகிரியில் அணைக்கட்டு வேலை நடந்த காலத்தில் சுரங்க வேலைக்குச் சாமான் எடுத்துக் கொடுக்கிற ஸ்டோர் கிளார்க். சிமெண்ட் மூட்டைக்கும் வெடிமருந்துப் பெட்டிக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, மனுஷனுக்கு முந்தி, சாமிக்கும் முந்தி, மலைக்குள்ளே என்ன படுத்திருக்கிறது என்று நாலு நாவல் எழுதிவிட்டு, முப்பத்துமூணு வயசில் போய்ச் சேர்ந்த மனுஷர். அன்றைக்கு அவரைப் படிக்க ஆளில்லை. இன்றைக்கு அவர் பெயரில் வாசகர் வட்டம், பனியன், சாவிக்கொத்து. பெண்ணுக்கு அம்பத்துமூணு வயசு இருக்கும், கோபியில் சத்துணவு அமைப்பாளராம். யுகேந்திரன் அந்தப்பக்கம் போனதும் அவள் பட்டென்று கேட்டாள். "ஏனுங்கம்மா, எங்கப்பா எழுதுனதெல்லாம் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடியே நீங்கதான படிச்சீங்க? அதுல எங்கியாச்சும் நான் இருக்கறனாங்க?" என்ன பதில் சொல்வது என்று இவள் யோசிப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். "அம்மா இருந்த வரைக்கும் அந்தப் புஸ்தகத்தத் தொடவே உடாதுங்க. அவுருக்கு மலையும் இருட்டும்தான் பொண்டாட்டி புள்ளைன்னு சொல்லும். அம்மா போயி வருசம் ஒண்ணாச்சு, நாலு புஸ்தகத்தையும் வரி உடாமப் படிச்சுட்டனுங்க. பாறை இருக்குது, இருட்டு இருக்குது, என்னென்னமோ மூச்சு உடுது. கொழந்தைன்னு ஒண்ணு தலையே காட்டலீங்க. அவுரு போறப்ப எனக்கு ரெண்டரை வயசு. கடுகுன்னுதான் கூப்புடுவாராம். வேற யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லீங்க, அம்மாகூட." அப்போது விழுந்த டீதான் இது.

கடுகு. ஐயோ, கடுகு. ஐம்பது வருஷமாக அந்தப் பெயரை அவள் கதையில் வருகிற பெயர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். பேராசிரியர் இப்போது சூனியம் என்கிறார், வெளி என்கிறார், சொல் தோற்கிற இடம் என்கிறார். கூட்டம் ஆடாமல் அசையாமல் கேட்கிறது. பாவம், எவ்வளவு நல்ல பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கறி தின்றுவிட்டுத் தூங்கலாம், கரூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கிறார்கள். சொல் ஒன்றும் தோற்கவில்லையப்பா. சொல்லெல்லாம் இருந்தது. முப்பத்துநாலு வரி இருந்தது. புதன்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு நான் எடுத்தேன். டவுன்ஹால் பக்கத்துச் சந்தில் மாடியில் 'நித்தியமல்லி' வார இதழ் ஆபீஸ், தகரக்கூரை, சித்திரை மாதம், கீழே அச்சுக்கூடத்து மை நாற்றம். அவள் உதவி ஆசிரியர். பி.ஏ. படித்தவள், அந்த ஆபீசிலேயே பட்டம் வாங்கிய ஒரே ஆள், அந்தக் கர்வம் நடையிலேயே தெரியும். கடைசி அத்தியாயம் அச்சுக்கோத்துத் தயாராக இருந்தது. ஆசிரியர் கதவருகே நின்று, "ஏம்மா கமலவேணி, கார்முகில் தைலத்துக்காரங்க கால் பக்கம் குடுத்திருக்காங்க, இந்த வாரமே வந்தாகணுமாம். அந்தச் சுரங்கத்துல எங்கியாச்சும் கை வைம்மா" என்று சொல்லிவிட்டு வெற்றிலை துப்பப் போனார். எங்கேயாவது. அதுதான் அவர் சொன்னது. எங்கே என்று அவர் சொல்லவில்லை.

பாறையில் தண்ணீர் சொட்டுவதை வர்ணித்து முழுசாக ஒரு பக்கம் இருந்ததே, அதில் கை வைத்திருக்கலாம். ஒரு ஈ காக்கைக்குத் தெரிந்திருக்காது. இந்த இடத்துக்கு வந்தால் கமலவேணியின் யோசனை எப்போதும் முட்டிக்கொண்டு நின்றுவிடும், செக்குமாடு மாதிரி அதையே சுற்றும். அவள் ஏன் அங்கே கை வைத்தாள்? தைல விளம்பரம் கேட்டது முப்பத்தோரு வரி, அவ்வளவுதான். இடத்தைத் தேர்ந்தெடுத்தது அவள். சர்வேயர் கடைசி இரும்புக் கதவுக்கு முன்னால் நிற்கிறான். எத்தனையோ வாரமாக ஆள் ஆளாக விழுங்கின மலை அந்தப் பக்கம் மூச்சு விடுகிறது. ஊரே பயந்து நடுங்கப் போகிறது என்று பார்த்தால், கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குழந்தை பேசுகிறது. பெயர் கடுகாம்! அவள் வாய்விட்டுச் சிரித்தாள். புரூஃப் பார்க்கிற சிங்காரத்தைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினாள், அந்த ஆளும் சிரித்தார். "பயங்கரக் கதையில தாளிக்க வந்துட்டாரு பாருங்க" என்று அவள் சொன்னாள். சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது, சொன்ன ஹாஸ்யத்துக்குத் தானே மகிழ்ந்ததும் ஞாபகம் இருக்கிறது. நீலப் பென்சிலால் ஒரே கோடு. வெட்டின இடம் மொட்டையாகத் தெரியாமல் இருக்க மூன்று வரிப் புள்ளி. அதற்குக் கீழே அவர் எழுதின கடைசி வரியை அப்படியே விட்டாள். 'பிறகு அந்தச் சுரங்கத்தில் எவரும் விளக்கு ஏற்றவில்லை.' பக்கத்திலேயே, தைல விளம்பரப் படத்தில், தலைமுடியை இடுப்பு வரைக்கும் விரித்துப்போட்டுக்கொண்டு ஒருத்தி சிரித்தாள். வெட்டின வரியெல்லாம் அன்றைக்கே குப்பைக்குப் போயிற்று. கையெழுத்துப் பிரதியும்தான், அச்சானதும் கட்டிப் பழைய பேப்பருக்குப் போட்டுவிடுவார்கள். யார் கண்டது.

கைதட்டல். முடித்துவிட்டாரா? முடித்துவிட்டார். கமலவேணியும் தட்டினாள். யுகேந்திரன் மைக்குக்கு வந்து அடுத்து ஒரு சிறு விவாதம் என்றான், கமலவேணிக்கு அழுகை வராத குறை. இது வருஷா வருஷம் நடக்கிற கூத்து. சர்வேயர் கதவைத் திறந்தானா இல்லையா? திறந்தான் என்று ஒரு கட்சி, திறக்கவில்லை என்று ஒரு கட்சி. வாட்ஸப்பில் அடித்துக்கொண்டு பேச்சு வார்த்தை இல்லாமல் போனவர்கள் உண்டு. ஈரோட்டில் ஒரு கல்யாணமே தட்டிப்போயிருக்கும், பெண்ணும் பிள்ளையும் வேறு வேறு கட்சி என்று யுகேந்திரன் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான். திறந்தவன் கதைதான் எப்படி வெளியே வந்தது என்று ஒரு கண்ணாடிக்காரர் கேட்கிறார். திறக்காதவனுக்கு எதற்கு ஐம்பத்தோரு புள்ளி என்று ஒரு பெண் எழுந்து கேட்கிறாள். எல்லாருமாகக் கமலவேணியைப் பார்க்கிறார்கள். ஆறு வருஷமாக அவள் சொல்கிற பதில் ஒன்றுதான்: "அது எழுதினவருக்குத்தான் தெரியும்." அதையே இன்றைக்கும் சொன்னாள். அதற்கும் ஒரு கைதட்டல். உண்மையைச் சொன்னால், இந்த ஆறு வருஷமும் அதில் அவளுக்கு ஒரு ருசி இருந்தது. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று சிரித்திருக்கிறாள். பேராசிரியர்கள் கட்டுரை எழுதுகிற இடம் என் கை பட்ட இடம். அந்தாளை யாரும் சீந்தாத காலத்தில் நான் போட்ட மூன்று வரிப் புள்ளிதான் அந்தாளைத் தூக்கி நிறுத்தியது. ஒரு வரி சொந்தமாக எழுதி அச்சில் பார்க்காதவளுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. எவ்வளவு கேவலமான ஆறுதல் என்று இன்றைக்குக் காலையில் ஒரு கப் டீயில் தெரிந்துபோயிற்று.

அந்த அஞ்சல் அட்டை. அதை நினைக்கக் கூடாது என்று நினைத்தாள், அதுதான் முதலில் வந்து நின்றது. இதழ் வெளியாகிப் பத்து நாளைக்குள் மலையிலிருந்து வந்தது, ஒரு மூலை மழையில் நனைந்து ஊதா மை பரவியிருந்தது. ஒரே வரி. 'அம்மணி, என் கடுகைக் காணவில்லையே.' வேறு ஒன்றும் இல்லை, கோபம் இல்லை, கீழே கையெழுத்துக்கூட இல்லை. அவள் ஆசிரியரிடம் காட்டினாள். "எழுத்தாளனுங்க எல்லாம் இப்படித்தான், ஒரு கமா போனாலும் ஒப்பாரி வைப்பானுங்க, பதில் போடாத" என்றார். அவள் போடவில்லை. போட்டிருந்தால் என்ன எழுதியிருப்பாள்? இடமில்லைங்க என்றா? மூன்று மாதம் கழித்து ஆடி மழையில் அணைக்கட்டு லாரி ஒன்று வளைவில் உருண்டு மூன்று பேர் போனார்கள், அவர் ஒருத்தர். இந்தப் பிள்ளைகள் அதற்கும் ஒரு கதை கட்டிவைத்திருக்கிறார்கள். புள்ளிக்கு அப்பால் இருந்ததைப் பார்த்துவிட்டதால்தான் அவர் அதற்குப் பிறகு பேனாவைத் தொடவில்லையாம், மலைதான் அவரைக் கூப்பிட்டுக்கொண்டதாம். என் கடுகு என்று எழுதியிருக்கிறாரே. என் என்ற அந்த எழுத்து இரண்டையும் இவள் அன்றைக்குப் படிக்கவே இல்லை. மலையில் தகரக் கொட்டகையில் இருந்துகொண்டு, கோபியில் தொட்டிலில் கிடக்கிற பிள்ளையை மனசில் வைத்து எழுதியிருக்கிறார். அச்சில் வந்தால் வீட்டுக்காரியிடம் காட்டியிருப்பார். அந்த அம்மா கடைசி வரைக்கும் அந்தப் புத்தகத்தைத் தொடவிடவில்லையாமே. தொட்டிருந்தாலும்தான் என்ன, அதில் புள்ளிதானே இருந்தது.

இப்போது சொல்லிவிடலாம். எழுந்து மைக்கைப் பிடித்து, அப்பா சாமிகளா, இது தைல விளம்பரத்துக்காக வெட்டினது, எடுத்தது நான், என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனியில் நிற்கிறது. நின்று என்ன, யுகேந்திரனைப் பார்த்தாள். பாவி, அவன் முழங்கைக்கு மேலே பனியன் கை ஏறியிருக்கிறது, மூன்று வரிப் புள்ளியைப் பச்சை குத்தி வைத்திருக்கிறான். அதை அழிக்கவா முடியும். அதுகூடப் பரவாயில்லை, இரண்டு வருஷத்துக்கு முன்னால் காரில் கொண்டுபோய் வீட்டில் விடும்போது சொன்னான். கொரோனாவில் அவன் அப்பா போனபோது முகத்தைக்கூடக் காட்டாமல் மூட்டையாகக் கட்டிக் கொண்டுபோனார்களாம். "எல்லாரும் வந்து ஏதேதோ ஆறுதல் சொன்னாங்க கமலாம்மா, ஒண்ணும் ஏறல. அந்தப் பக்கத்தத் தொறந்து வெச்சுட்டு அந்தப் புள்ளியத்தான் பார்த்துட்டே இருந்தேன். சொல்றதுக்கு ஒண்ணுமில்லைங்கறத அவர் ஒருத்தர்தான் எனக்குச் சொன்னாரு." அன்றைக்கு அவள் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அந்தப் பிள்ளையிடம் போய்க் கூந்தல் தைலம் என்று எப்படிச் சொல்வது? சொன்னால்தான் நம்புவார்களா? அட்டை இல்லை, கையெழுத்து இல்லை, பழைய இதழில் இருப்பது புள்ளிதான். வயசாகிவிட்டது, பாட்டிக்குக் குழப்பம் என்று மரியாதையாகக் கூட்டிக்கொண்டுபோய் உட்கார வைப்பார்கள். நிஜமாகவே குழப்பமோ? ஐம்பது வருஷத்தில் எத்தனை தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்த வரிகள், அவர் எழுதினது எது, இவளாகச் சேர்த்தது எது என்று யார் சொல்வது? ஒருவேளை குழந்தையே இவள் இட்டுக்கட்டினதோ? அப்படியானால் அந்தப் பெயர்? அந்தப் பெண்ணின் அம்மாவும் அப்பாவும் தவிர யாருக்கும் தெரியாத பெயர் இவள் தலைக்குள் எப்படி வந்தது? இல்லை. இருந்தது. கடுகு இருந்தது. யோசித்து யோசித்துத் தலை கிறுகிறுத்தது. அசதி. வீட்டுக்குப் போய்க் கட்டையைச் சாய்த்தால் போதும் என்று இருந்தது.

"இப்ப கமலாம்மா பேசுவாங்க" என்று யுகேந்திரன் சொன்னது நல்லவேளை காதில் விழுந்தது. எழுந்தாள். முழங்கால் கடக்கென்றது. மைக் முன்னால் நூற்றைம்பது முகம், அத்தனையும் ஆசை ஆசையாக. அவர் நிறம் என்ன, உயரம் என்ன, பேனா எது, ஏதாவது ஒன்று கிடைத்தால் போதும், அள்ளிக்கொண்டு போவார்கள். ஒரே ஒரு தடவை ஆபீசுக்கு வந்திருக்கிறார், மஞ்சள் பை, தலையில் மப்ளர், கோயமுத்தூர் வெயிலில் மப்ளர், இதைப் போன வருஷமே சொல்லியாயிற்று. பச்சைச் சுங்குடி நிமிர்ந்து உட்கார்ந்தது. சொல், இப்போது சொல், என்றது உள்ளே ஒன்று. கமலவேணி தொண்டையைச் செருமினாள். "எல்லாரும் நல்லா இருக்கோணும். நேரமாச்சு, சாப்பாடு ஆறிரும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அதற்கும் தட்டினார்கள், எதற்குத்தான் தட்டமாட்டார்கள். சாந்தாமணி தட்டவில்லை. குனிந்து கைப்பையில் எதையோ தேடினாள், பஸ் டிக்கெட்டாக இருக்கும், கோபிக்கு எத்தனை மணிக்குப் பஸ்ஸோ. இனி வரமாட்டாள். ஒரு தடவை வந்தாள், கேட்டாள், இல்லை என்று தெரிந்துகொண்டாள், போய்விடுவாள். நாளைக்குக் காலையில் இருநூறு பிள்ளைகளுக்குச் சாம்பார் சாதம் கிளறுவார்கள், பக்கத்தில் நின்று மேற்பார்க்க வேண்டும். தாளிக்கிற சட்டியில் கடுகு வெடிக்கும்போதெல்லாம் அவளுக்கு என்ன தோன்றும்? ச்சீ, இந்தக் கோழைப் புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்று கமலவேணிக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

திரைச்சீலைகளை இழுத்து மூடினார்கள். இது கடைசி நிகழ்ச்சி, இதுதான் இவர்களுக்குப் பூஜை மாதிரி. கடைசி அத்தியாயத்தை ஒருத்தர் வாசிப்பார், புள்ளி வந்ததும் நிறுத்துவார். வரிக்கு ஒரு நிமிஷம், மூன்று வரிக்கு மூன்று நிமிஷம், எல்லாரும் எழுந்து கண்ணை மூடிப் பேசாமல் நிற்க வேண்டும். முடிந்ததும் அந்தக் கடைசி வரியை எல்லாரும் சேர்ந்து சொல்வார்கள். யுகேந்திரனே வாசித்தான், நன்றாகத்தான் வாசித்தான். பாறை சொட்டுவது வந்தது. நீளமாகத்தான் இருந்தது, எடுத்திருக்கலாம். சர்வேயர் விளக்கைத் தூக்கிப் பிடித்தான். இரும்புக் கதவின் தாழ்ப்பாள் குளிர்ந்திருந்தது. அந்தப் பக்கத்தில் மூச்சு நின்றது. யுகேந்திரனும் நிறுத்தினான். நூற்றைம்பது நாற்காலிகள் பின்னால் நகர்கிற சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. காது மெஷினில் உய்யென்று ஒரு காற்று மட்டும். மற்ற வருஷமெல்லாம் இந்த மூன்று நிமிஷமும் அவள் கண்ணை மூடிக்கொண்டு அந்த முப்பத்துநாலு வரியைத் தனக்குத்தானே வாசித்துக்கொள்வாள், ஒரு திருட்டுத் தின்பண்டத்தை ஒளித்துத் தின்கிற மாதிரி. இன்றைக்குக் கண்ணை மூடினால் அண்ணன் வந்தார். போன வருஷம் அண்ணன் செத்துப் பதினாறு நாள்கூட ஆகவில்லை, பட்டப்பகல், அவள் மட்டும் வீட்டில். வாசலில் "கமலா" என்று அண்ணன் குரல். செத்துவிட்டார் என்று தெரியும், கையாலேயே வாய்க்கரிசி போட்டிருக்கிறாள். தெரிந்தும் முழங்கால் வலியெல்லாம் எங்கே போயிற்றோ, ஓடிப்போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள். கூரியர்க்காரன் நின்றான். அன்றைக்குத்தான் அவளுக்கு அந்த முப்பத்துநாலு வரி புரிந்தது. சிரிக்கிற வரியில்லை அது. மலைக்குப் பல்லும் நகமும் எதற்கு, அது நம் வீட்டுக் குரலைக் கற்றுக்கொண்டிருக்கிறது. நாம்தான் போய்த் திறக்க வேண்டும், திறப்போம். இருபத்துநாலு வயசு பி.ஏ.க்கு இது எங்கே தெரியும்?

கண்ணைத் திறந்தாள். எல்லாரும் கண்ணை மூடி நிற்கிறார்கள், யுகேந்திரன் கன்னத்தில் தண்ணீர் இறங்குகிறது. பச்சைச் சுங்குடி மட்டும் உட்கார்ந்தே இருக்கிறாள், கண்ணையும் மூடவில்லை, மடியில் கைப்பை. ஒரு நிமிஷம் போயிருக்கும். கமலவேணி நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தாள். மேடைக்கு மூன்று படி. முதல் படியில் வலது கால், அப்பா, அதே படியில் இடது கால். பொன்னாடை நழுவி விழுந்தது, கிடக்கட்டும். இவர்கள் புள்ளி இவர்களிடமே இருக்கட்டும், யாருடைய கையிலிருந்தும் எதையும் அழிக்க வேண்டாம். அந்தப் பிள்ளை காதில் மட்டும் சொல்லிவிட்டால் போதும், ஒரே ஒரு காதில். இரண்டாவது படி. மூன்றாவது. முன்வரிசை முழுக்க நடக்க வேண்டியிருந்தது, செருப்புச் சத்தம் கேட்காமல் இருக்க அதைக் கழற்றிவிட்டு நடந்தாள். சாந்தாமணி பதறி எழப் பார்த்தாள், தோளை அழுத்தி உட்கார வைத்தாள். குனிய முடியவில்லை, குனிந்தாள். தேங்காயெண்ணெய் வாசம் அடித்தது. காதோரம் வாயை வைத்து ரகசியமாகச் சொன்னாள். ரகசியமாக என்றுதான் அவள் நினைத்தாள். காது போன நாளிலிருந்து அவள் ரகசியம் பேசினால் எதிர்வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து பதில் சொல்வாள், இது ஊருக்கே தெரியும், அவளுக்கு மட்டும்தான் மறந்துவிடும்.

"நீ இருக்கற கண்ணு. இந்தப் புள்ளி இருக்கற எடத்துல நீதான் இருந்த. இடமில்லைன்னு நாந்தான் எடுத்துப்போட்டேன், தைல விளம்பரத்துக்காக. கதவுக்கு அந்தப் பக்கத்துல ஒரு கொழந்தை பேசுது. 'அப்பா, கடுகு வந்திருக்கேன். இங்க இருட்டா இருக்குது. கதவத் தொறங்கப்பா'ங்குது. அவனுக்குத் தெரியும், அவன் கடுகு மலைக்குக் கீழ ஊருல தொட்டில்ல தூங்குது, இது அவ இல்ல, மலை பேசுதுன்னு. நல்லாத் தெரியும்."

சொல்லி முடித்து நிமிரும்போதுதான் கவனித்தாள், ஹாலில் ஒரு கண்கூட மூடியில்லை. நூற்றைம்பது பேரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்காரர் வாய் திறந்தபடி இருந்தது. யுகேந்திரன் மேடை விளிம்புக்கு வந்து நின்றான், இடது கையால் வலது கையின் புள்ளியை மூடிக்கொண்டிருந்தான். ஐயையோ, எல்லாருக்கும் கேட்டுவிட்டதா? மூன்று நிமிஷம் ஆகியிருக்க வேண்டும், அதற்கு மேலும் ஆகியிருக்கலாம். கடைசி வரியைச் சொல்ல வேண்டிய நேரம், யாரும் சொல்லவில்லை. சாந்தாமணி அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கரண்டி பிடித்துக் காய்த்துப்போன கை, விடாமல் பிடித்திருந்தது.

"அப்புறமுங்கம்மா?" என்றாள். "கதவத் தொறந்தாருங்களா?"

"தொறந்தாரு கண்ணு" என்றாள் கமலவேணி. "நீ இல்லைன்னு தெரிஞ்சேதான் தொறந்தாரு."